இரண்டு தனித்தனிப் பேச்சாளர்கள்

ஐயா, எங்கள் துறையின் பதிவறையில் ஏ.சி. போட முடியாது. போட்டால் அந்த இரைச்சல் முழுவதும் பதிவில் ஏறிவிடும். மின்விசிறியும் கூடாது. சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்று உயிரை வாங்குகிறது என்று நானே கழற்றி வெளியே வைத்தேன். முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறை அது. சன்னல் கிடையாது, சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. அந்தப் புழுக்கத்தில் வாரம் இரண்டு மதியம், நான்கு வருடம், முகம் சுளிக்காமல் வந்து உட்கார்ந்தவர் தையல்காரக்கா ஒருவர்தான்.

நடந்ததை மட்டும் எழுதுங்கள், விளக்கம் வேண்டாம் என்று விசாரணைக் குழுவின் கடிதத்தில் இருக்கிறது. விளக்கம் இல்லாமல் எனக்கு மளிகைச் சீட்டுகூட எழுத வராது. பல் மருத்துவரான என் கணவரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டது எல்லாம் இதில் இருக்கும்.

அக்கா மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றோர ஊரில் பிறந்தவர். கப்பலில் சமையல் வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தார். வந்த இரண்டாம் வருடம் அந்த மனிதர் காலமாகிவிட்டார். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடிப்படிக்கு அடியில் தையல் இயந்திரம் போட்டு, ஜிப் மாற்றுவது, பேண்ட்டைக் குட்டையாக்குவது என்று பிழைத்துக்கொண்டிருந்தார். கணவரின் பேண்ட்டைக் கொடுக்கப் போன நான், அவர் அளவெடுக்கும்போது முணுமுணுத்த எண்களைக் கேட்டேன். மொழி படித்தவளின் காது சும்மா இருக்குமா? அது எந்த மொழி என்று விசாரித்து, அன்றைக்கே பல்கலைக்கழகத்துக்கு வரச் சொல்லிவிட்டேன். அந்த மொழி பேசுகிற ஆள் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். எனக்கு லாட்டரி விழுந்த மாதிரி.

அவருக்கு ஒரு மகள் உண்டு. கப்பல் ஏறும்போது எட்டு வயதுப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஆறு மாதத்தில் அழைத்துக்கொள்வதாகத்தான் ஏற்பாடு. மூன்றாம் மாதமே அந்த ஊரில் கலவரம் வந்து தெரு முழுக்கக் காலியாகிவிட்டது. எழுதிய கடிதங்கள் எல்லாம் திரும்பி வந்தன. என்னிடம் வந்தபோது அவர் எட்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். இணையத்தில் குரல் ஏறும் என்று நான் சொன்னதும்தான் ஒப்புக்கொண்டார். "எங்கயாவது எம்பொண்ணு காதுல விழாதா தங்கச்சி?" என்று கேட்டார். விழும் அக்கா என்றேன். அதில் நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குழு கவனிக்க வேண்டும்.

இனி என் ஆராய்ச்சி. பயப்படாதீர்கள், ஒரு பத்திதான். நாம் "நான் நேற்றுப் பார்த்த பெண்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போவோம். அந்த மொழியில் "நான் நேற்று அவளைப் பார்த்த பெண்" என்கிற மாதிரி சொல்வார்கள். பெண் வாக்கியத்தின் தலைக்குப் போய்விட்டாலும், அவள் இருந்த இடத்தில் ஓர் "அவள்" உட்கார்ந்திருக்கும். ஆள் இறங்கிப் போனாலும் பஸ் இருக்கையில் துண்டு போட்டு வைப்பதைப் போல. இதற்கு மீள்பெயர் என்று பேர். இந்த மீள்பெயர் ஒருவரா பலரா, உயிருள்ளதா இல்லாததா என்றெல்லாம் பார்த்து உருமாறுமா, அல்லது எவர் வந்தாலும் ஒரே துண்டுதானா என்பதுதான் என் கேள்வி. பழைய இலக்கண நூல்கள் மாறும் என்கின்றன. ஒருமை பன்மையை அது கண்டுகொள்ளாது என்று நான் சொல்கிறேன். என்னைத் தவிர உலகத்தில் இன்னும் பதினோரு பேர் இதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள், அதில் நான்கு பேர் என்னோடு பேசுவதில்லை.

முதல் வருடம் பாடப்புத்தக வாக்கியங்களைத்தான் கொடுத்தேன். உழவன் அடித்த நாய், உழவன் அடித்த நாய்கள், உழவர்கள் அடித்த நாய். அக்கா ஒருநாள், "இந்த நாயை எத்தனை வாட்டிதான் அடிப்பான் தங்கச்சி? பாவம், விட்டுடச் சொல்லு" என்றார். சிரித்து மாளவில்லை. ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. தனக்குச் சம்பந்தமில்லாத நாயைப் பற்றிய வாக்கியம் சரியா தவறா என்று யாரும் அழுத்தமாகத் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். அதனால் அவருடைய சொந்த விஷயத்துக்கு மாறினேன். நான் பக்கத்து வீட்டில் விட்டுவந்த பிள்ளை. நான் தேடுகிற பிள்ளை. நான் தேடுகிற பிள்ளைகள்.

"எனக்கு ஒண்ணுதானே?" என்றார்.

"சும்மா சொல்லிப் பாருங்க அக்கா."

சொல்லிப் பார்த்தார். உடனே தீர்ப்புகள் தெளிவாக வரத் தொடங்கின. அதற்கு அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். மேசை மேல் பொத்தான் டப்பாவைத் திறந்து வைத்துக்கொள்வார். வாக்கியம் சரி என்றால் கறுப்புப் பொத்தான். சொல்லலாம், ஆனால் நாங்கள் சொல்ல மாட்டோம் என்றால் வெள்ளை. தலைகீழாக நின்றாலும் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள் என்றால் உடைந்த பொத்தான். என் கட்டுரையில் அந்த முறைக்குப் பெரிய பெயர் ஒன்று வைத்திருக்கிறேன். உண்மையில் அது பொத்தான் டப்பாதான்.

ஒரு தடவை அவருக்குக் கடைவாய்ப்பல் வீங்கிவிட்டது. என் கணவர் உடனே பிடுங்க வேண்டும் என்றார். பல்லைப் பிடுங்கினால் உச்சரிப்பு கொஞ்ச நாளுக்கு இடறும். ஒரு பதிவுத் தொடரின் நடுவில் இருந்தோம். இரண்டு வாரம் தள்ளிப்போடச் சொன்னேன். அக்கா கிராம்பைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார், பதிவு தொடங்கும்போது கிராம்பைத் துப்பிவிடுவார். கணவர் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மனுஷனுக்குப் பல் என்றால் உயிர்.

மூன்றாம் வருட முடிவில் கட்டுரையை அனுப்பினேன். மதிப்பிட்டவர் எங்கோ ஒரு பெரிய இடத்துப் பேராசிரியர். "ஒரே ஒரு தையல்காரியை நம்பி ஒரு மொழியின் இலக்கணத்தை மாற்றி எழுத முடியாது. முதலாமவரோடு தொடர்பில்லாத இரண்டாவது பேச்சாளர் ஒருவரைக் காட்டவும்" என்று திருப்பி அனுப்பினார். தையல்காரியாம். அந்தச் சொல்லைப் படித்தபோது வந்த ஆத்திரம் இன்று வரை எனக்கு ஆறவில்லை. அக்காவின் ஒரு பொத்தானுக்கு அந்த மனிதரின் மொத்த அலமாரியும் ஈடாகாது. நான் செய்ததெல்லாம் அக்காவின் மரியாதைக்காகத்தான் என்று சொன்னால் குழு நம்பாது. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

அடுத்த மாதமே மின்னஞ்சல் வந்தது. அந்த மொழியின் பெயரைத் தேடினால் இணையத்தில் எங்கள் துறையின் நாற்பது விநாடிப் பதிவுதான் முதலில் வரும். சட்டைக் கையில் பட்டி வைத்துத் தைப்பது எப்படி என்று அக்கா விவரிக்கும் பதிவு. கீழே "பேச்சாளர் 1, பெண்" என்று மட்டும் இருக்கும். எழுதியவள் ஒரு செவிலியர் பள்ளி மாணவி, இருபது வயது, வேறொரு நாட்டில் நிவாரண விடுதியில் வளர்ந்தவள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். இந்தப் பேச்சாளர் என் அம்மா, சொல்லி முடித்ததும் மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு சிரிக்கிறாரே, அது அம்மாவேதான், அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டிருந்தாள்.

பேச்சாளரின் அடையாளத்தை யார் கேட்டாலும் வெளியிட மாட்டோம் என்று ஒப்புதல் படிவத்தில் நாலாவது பிரிவு இருக்கிறது. அக்காவே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டிருந்தால் உடனே சரி என்றிருப்பார். சிக்கலே அதுதான். இருவரும் பேசத் தொடங்கிவிட்டால் ஒருவர் பேச்சு மற்றவர் மேல் ஒட்டிக்கொள்ளும். பிறகு எனக்குத் தனித்தனியாக இரண்டு பேச்சாளர்கள் எங்கே? ஒரு மாதம் பொறுத்தால் பதிவை முடித்துவிடலாம், முடித்துவிட்டு இருவரையும் நேரில் உட்கார வைத்துவிடலாம் என்று நினைத்தேன். கண்ணீரும் கட்டிப்பிடிப்புமாக அந்தக் காட்சியை மனத்தில் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மிகவும் சந்தோஷமாக இருக்கும்.

அதனால் அந்தப் பெண்ணுக்கு இப்படிப் பதில் போட்டேன். விதிப்படி எதுவும் சொல்ல முடியாது, ஆனால் விசாரிக்கிறேன், அதற்கிடையில் ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் உதவ முடியுமா? அவள் மறுநாளே தொலைபேசியில் வந்தாள். அப்படித்தான் பேச்சாளர் 2 கிடைத்தாள். புத்திசாலிப் பெண், நேரம் தவற மாட்டாள். அம்மாவுக்குக் கொடுத்த அதே வாக்கியங்களை அவளுக்கும் கொடுத்தேன். பிள்ளை இருந்த இடத்தில் மட்டும் அம்மா என்று மாற்றினேன். ஒவ்வொரு முறையும் கடைசியில் ஆங்கிலத்தில், "மேடம், எங்கம்மா பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்பாள். விசாரிக்கிறோம் என்பேன். ஒரு மாதம் இரண்டானது, இரண்டு ஆறானது. வாக்கியங்கள் வளர்ந்துகொண்டே போனதற்கு நான் பொறுப்பல்ல, மொழி அப்படி. வீட்டிலும் இதே கேள்விதான். சாப்பிடும்போது கணவர், "ஏம்மா, உன் தையல்காரக்காவுக்குப் பொண்ணு கிடைச்சுதா?" என்பார். தேடுகிறோம் என்பேன்.

ஒருவர் சொன்ன வாக்கியத்தை இன்னொருவர் கேட்டுச் சரிபார்ப்பதும் எங்கள் வேலையில் ஒரு பகுதி. மகளின் பதிவை அப்படியே போட்டுக் காட்டினால் கதை முடிந்துவிடும். அதனால் எழுதிவைத்து நானே வாசித்தேன். அக்கா வரிசையாகக் கறுப்புப் பொத்தான் வைத்துக்கொண்டே வந்தார். வாளி என்ற சொல் வந்த வாக்கியத்தில் கை நின்றுவிட்டது.

"தங்கச்சி, இதை யார் சொன்னது?"

"ஏன்க்கா, தப்பா?"

"தப்பில்ல. வாளிக்கு இந்தச் சொல்லு எங்க தெருவுல மட்டும்தான். அடுத்த தெருவுலகூட வேற சொல்வாங்க. எங்க தெரு ஆளு யாராவது உயிரோட இருக்காங்களா?"

"பேச்சாளர் ரெண்டுன்னுதான் சொல்லலாம் அக்கா. நீங்களும் அந்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"ஆமா, போட்டேன்." கொஞ்ச நேரம் பொத்தானை உருட்டிக்கொண்டிருந்தார். "ஆம்பளையா பொம்பளையான்னாவது சொல்லு."

"பொம்பளை."

"நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க."

"அது போதும். எம்பொண்ணைப் பத்தி ஏதாவது தெரியுமான்னு மட்டும் அவங்ககிட்ட கேட்கிறியா? பேரெல்லாம் வேணாம், எட்டு வயசுப் பிள்ளைன்னு சொல்லு."

கேட்கிறேன் என்றேன். அடுத்த வாரம் அவர் வந்து உட்காரும்போதே என் முகத்தைப் பார்த்தார். "கேட்டேன் அக்கா. தெரியாதுன்னு சொல்லிட்டாங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பொத்தான் டப்பாவைத் திறந்தார். இந்த விவகாரம் முழுவதிலும் நான் அக்காவிடம் பொய் சொன்னது அந்த ஒரே ஒரு முறைதான். அன்றைக்கு அவர் தந்த தீர்ப்புகளைக்கூடக் கணக்கில் சேர்க்கவில்லை. கவனம் சிதறியிருந்தது தெரிந்தது.

மகளின் மின்னஞ்சல் வந்து பதினோராவது மாதம் அக்காவுக்கு நுரையீரலில் சளி கட்டி, பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். பையில் இருந்த ஒரே தொலைபேசி எண் என்னுடையது, என்னைக் கூப்பிட்டார்கள். காய்ச்சலில் இந்த ஊர்ப் பேச்சு அவருக்குச் சுத்தமாகப் போய்விட்டது. தாய்மொழிதான் வந்தது. "என்ன சொல்றாங்கன்னே புரியல, நீங்கதான் கொஞ்சம் கேட்டுச் சொல்லணும்" என்று நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கேட்கிறார், போர்வை கேட்கிறார் என்று கேட்டுக் கேட்டுச் சொன்னேன். மற்றதெல்லாம் மகளிடம் பேசிக்கொண்டிருந்தார். சாப்பிட்டாயா, செருப்பைப் போட்டுக்கொள், வாளியைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டாயே.

பதிவுக் கருவி எப்போதும் என் கைப்பையில் இருக்கும். தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஐயா, நான்கு வருடம் நான் கேள்வி கேட்டு வாங்கிய வாக்கியங்கள் எல்லாம் ஒரு பக்கம், அந்த மூன்று நாள் ஒரு பக்கம். கேள்வி இல்லை, பொத்தான் இல்லை, எதிரே ஆராய்ச்சிக்காரி உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பே இல்லை. அவ்வளவு சுத்தமான பேச்சு. மீள்பெயர் பன்மைக்கு வந்த இடங்கள் மட்டும் நாற்பத்தொன்று எண்ணினேன்.

மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு மகளோடு வழக்கமான தொலைபேசி வேளை. தவறவிட்டால் அடுத்து இரண்டு வாரம் அவளுக்குத் தேர்வு. அதனால் வராந்தாவில் போய் நின்று பேசினேன். இருபது வாக்கியங்களையும் முடித்தோம். அக்காவின் கட்டிலுக்கும் எனக்கும் நடுவே ஒரு கதவு, திறந்துதான் இருந்தது. நடுவில் அவள், "மேடம், அங்க யாரோ இருமுறாங்களே, ரொம்ப முடியாதவங்களா?" என்று கேட்டாள். நர்சுக்குப் படிக்கிற பெண், அந்தக் காது இருக்கத்தானே செய்யும். பக்கத்தில் ஒரு நோயாளி என்று சொல்லிவிட்டு தொலைபேசியின் வாய்ப்பக்கத்தை விரலால் மூடிக்கொண்டேன். "கொஞ்சம் நிமிர்த்தி உட்கார வைக்கச் சொல்லுங்க, மூச்சு சுலபமா வரும்" என்றாள். சொன்னேன். உட்கார வைத்தார்கள். அக்காவுக்கு உண்மையாகவே சுலபமாக இருந்தது. மறுநாள் காலை டீ வருகிற நேரத்தில் போய்விட்டார்.

நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. துறையில் அன்றைக்கு நான்தான் அதிகமாக அழுதேன் என்று எழுத்தரே சொல்வார். அடக்கச் செலவு, சான்றிதழ், மாடிப்படிக்கு அடியில் இருந்த இயந்திரத்தை எடுத்து வைப்பது எல்லாம் நானே பார்த்தேன்.

அதற்குப் பிறகு மகளிடம் சொல்லாதது ஏன் என்பதுதான் உங்கள் கடிதத்தின் முக்கியக் கேள்வி. துக்கத்தில் இருப்பவரின் தீர்ப்புகள் செல்லாது, அது எங்கள் பாடத்தில் முதல் வாரமே வரும். இன்னும் எண்பது வாக்கியங்கள் பாக்கி இருந்தன. விசாரிக்கிறோம் என்றே இன்னும் மூன்று மாதம் சொன்னேன். அவள் தன்னுடைய முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாள், என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டாள். கறுப்பு என்றேன்.

புகார் கொடுத்தவர் எங்கள் ஒலிப்பதிவுக்காரர் என்று எனக்குத் தெரியும். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. பதிவுகளைச் சுத்தம் செய்து, தேவையில்லாத பேச்சை வெட்டி எடுப்பது அவர் வேலை. அம்மா கிடைத்தாரா என்று மகள் கேட்ட இடத்தையெல்லாம் நான் வெட்டச் சொன்னேன், அவரும் வெட்டினார். வெட்டியதைத் தூக்கிப் போடாமல் தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறார். ஐம்பத்திரண்டு துண்டுகள். அவற்றுக்கு நடுவே அக்காவின் சிரிப்பையும் மகளின் சிரிப்பையும் அடுத்தடுத்து ஒட்டிக் கேட்டுப் பார்த்திருக்கிறார். ஒருநாள் என் அறை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வராமலே கேட்டார்.

"மேடம், அந்தப் பொண்ணு எட்டு வயசு வரைக்கும் பேசக் கத்துக்கிட்டதே அந்தம்மாகிட்டதானே? அப்புறம் எப்படி இவங்க ரெண்டு பேரும் தனித்தனிப் பேச்சாளர்?"

பாவம், அவர் படித்தது மின்னணுவியல். இலக்கணக்காரர்களின் கவலை அவருக்குப் புரியாது. முந்நூறு வாக்கியங்களில் இருநூற்று எண்பத்தேழில் அக்காவும் மகளும் ஒத்துப்போகிறார்கள், அது மொழியின் விதி அன்றி வேறென்ன? மதிப்பிட்டவரும் இதே மாதிரி, இரு பேச்சாளர்களும் உறவினர்களா என்று ஒரு வரி கேட்டிருந்தார். அடையாளம் ரகசியம் என்று பதில் எழுதினேன். ஏற்றுக்கொண்டார். கட்டுரை வெளிவந்துவிட்டது. முதல் பக்கத்தில், "பேச்சாளர் 1-க்கு என் நன்றி, அவர் இல்லையென்றால் இது இல்லை" என்று போட்டிருக்கிறேன்.

ஆக, குழு கேட்டதற்குப் பதில்: ஆம். மகள் தேடுகிறாள் என்று தாயிடம் மறைத்தேன், தாய் எங்கே என்று மகளிடம் மறைத்தேன், தாய் சாகக் கிடந்ததையும் செத்ததையும் மறைத்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நல்ல புத்தியோடுதான் செய்தேன்.

அந்தப் பெண் வியாழக்கிழமை விமானத்தில் வருகிறாள் என்றும், அவளிடம் விஷயத்தைக் குழுவே சொல்லப்போகிறது என்றும், நான் அந்த அறையில் இருக்கக்கூடாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். சரி, நான் வரவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்தான். நீங்கள் சொல்லும்போது மேசை மேல் ஒரு பதிவுக் கருவியை ஓடவிடுங்கள். அந்த நிமிடம் அவள் ஆங்கிலத்தில் பேச மாட்டாள், தாய்மொழிதான் வரும். அக்கா இருந்திருந்தால் அவரும் அதைத்தான் கேட்டிருப்பார்.